தின்பது எவ்வளவு, தருவது எவ்வளவு

நிலம் அரை ஏக்கர். அதில் ஒரு அறை, ஒரு கிணறு, வேலி என்று சொல்லிக்கொள்ள நாலு பக்கமும் கம்பி. நகரத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பத்திரம் முடித்துவிட்டு வந்த அன்று என் தம்பி, "ஏண்ணே, ரிட்டயர் ஆன வயசுல உனக்கு விவசாயம் ஒரு கேடா?" என்று கேட்டான். லாபம் வரும்டா என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே பாஷை அதுதான். உண்மையில் என் மனைவி மறுபடியும் எதையாவது பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும், அதற்காகத்தான் வாங்கினேன். அதைத் தம்பியிடம் சொல்லப்போனால் அழுதுவிடுவேன். அதனால் லாபம் என்று சொல்லிவைத்தேன்.

நாங்கள் இருவரும் ஒரு கல்லூரி விடுதிச் சமையலறையில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டியவர்கள். அவள் தலைமைச் சமையல்காரி, நான் ஸ்டோர் கீப்பர். அரிசியோ பருப்போ எண்ணெயோ, என் தராசைத் தாண்டித்தான் அவள் அடுப்புக்குப் போக வேண்டும். விடுதிப் பையன்கள் எனக்கு வைத்த பெயர் 'தராசு'. அவளுக்கு வைத்த பெயர் 'இன்னும்கொஞ்சம்'. எவன் தட்டோடு எழுந்தாலும் கரண்டியோடு குறுக்கே போய் நின்று, "இன்னும் கொஞ்சம்?" என்பாள். அவன் பதில் சொல்வதற்குள் தட்டில் சோறு விழுந்திருக்கும். மாதக் கடைசியில் அரிசி பற்றவில்லை என்று நான் கத்துவேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். "தராசு கத்தாம இருந்தாத்தான் ஆச்சரியம்" என்று காய் நறுக்கும் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்தக் கஞ்சனுக்கு இப்படி ஒரு பொண்டாட்டியா என்று பையன்கள் பேசிக்கொள்வது என் காதில் விழும். வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

எங்களுக்கு ஒரே மகன். இருபத்துநாலு வயது. மூன்று இடத்தில் வேலைக்குப் போனான், மூன்றிலும் நிலைக்கவில்லை. ஏழு மாதமாக வீட்டில் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவன் தட்டு காலியானது. இவள் கரண்டியை எடுத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்?" என்றாள். அவன் தட்டை நீட்டினான். அன்றைக்கு என் நாக்கில் சனி. "போதும். தண்டச்சோத்துக்கு எதுக்கு ரெண்டாந்தரம்?" என்றேன்.

அவன் நீட்டிய தட்டை அப்படியே கீழே வைத்தான். எழுந்து கை கழுவினான். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பசித்தால் தானாக வருவான் என்று நான் என் தட்டிலிருந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். ஊருக்கு வெளியே ஒரு திருப்பத்தில் லாரி. ஆஸ்பத்திரியில் இவள் வேறு எதையும் கேட்கவில்லை. வெளியே வந்த நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வழியில ஏதாவது சாப்பிட்டிருந்தானாம்மா?"

அதற்குப் பிறகு அவள் என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் இன்னும் தேவலை. இரண்டு பேருக்கு அளந்து சமைத்தாள், என் தட்டை மேசையில் மூடி வைத்தாள், தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். 'இன்னும் கொஞ்சம்' என்ற சொல்லே வீட்டிலிருந்து போய்விட்டது. இரண்டே கால் வருடம் இப்படி ஓடியபின்தான் நான் நிலம் வாங்கினேன்.

வாங்கியாயிற்று, அதில் என்ன செய்வது? நான் ஒரு நோட்டுப் போட்டேன். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'தின்பது எவ்வளவு', வலப்பக்கம் 'தருவது எவ்வளவு'. விவசாய ஆபீஸில் கொடுத்த புத்தகங்கள், போனில் வரும் வீடியோக்கள், சந்தையில் கேட்டது எல்லாவற்றையும் அதில் ஏற்றினேன். தினமும் காலையில் அவள் காய் நறுக்கும்போது எதிரே உட்கார்ந்து வாசித்துக்காட்டுவேன்.

"காளான் வைக்கலாமா? அந்த ஒரு ரூம் போதும்."

"அது என்ன சாப்பிடும்?"

"அது எங்க சாப்பிடும்? வைக்கோல்ல தானா முளைக்கும்."

"வேண்டாம்" என்று கத்தியை நகர்த்தினாள்.

"தேனீ? அதைவிட லாபம் உலகத்துலயே கிடையாது. தன் சாப்பாட்டையும் தானே தேடிக்கும், நமக்கும் சேத்துக் கொண்டாரும்."

"அப்ப நமக்கு அங்க என்ன வேலை?"

காடை என்றேன். கூண்டில் போட்டால் நாற்பது நாளில் விற்றுவிடலாம். "மூஞ்சி பழகுறதுக்குள்ள போயிடும்" என்றாள். எலுமிச்சை என்றேன், காய்க்க நாலு வருடம் ஆகும் என்று நானே அடித்தேன். முயல் என்றேன். முயல் சத்தம் போடுமா என்று கேட்டாள். போடாது, அதனால் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இல்லை என்று நான் அதை ஒரு சிறப்பாகச் சொன்னேன்.

"சத்தம் போடலன்னா அதுக்குப் பசிக்குதுன்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

கடைசியில் ஆட்டுக்கு வந்தோம். இடப்பக்கத்தில் 'வேலியோரத் தழை, புல், செலவே இல்லை' என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தேன். அவள் அதைக் கேட்கவே இல்லை. கத்தியை வைத்துவிட்டு, "ஆடு பசிச்சா கத்தும்" என்றாள். "ஆடே வாங்குங்க."

குறைவாகத் தின்னும் என்று நான் ஆட்டைத் தேர்ந்தெடுத்தேன். தின்னும் என்பதற்காகவே அவள் ஆட்டைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னோம் என்று சந்தோஷப்பட்டேனே தவிர, இதை யோசிக்க எனக்குப் புத்தி வரவில்லை.

அந்த நோட்டை எழுதும்போது ஒரு நாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். என் மகனையும் நான் இப்படித்தான் நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமாகப் பார்த்திருக்கிறேன், நோட்டில் இல்லை, மனதில். ஏழு மாதமும் பார்த்தேன். அவன் அம்மாவுக்குக் கால் வலித்தால் எண்ணெய் தேய்த்துவிட்டதெல்லாம் எந்தப் பக்கத்திலும் ஏறவே இல்லை.

சந்தையில் மூன்று பெட்டை ஆடுகள் வாங்கினோம். வியாபாரி, "அண்ணே, மூணும் முத்து. ஒரு வருஷத்துல ஒம்பதா நிக்கும் பாருங்க" என்றான். ஒன்று முழுக்கக் கருப்பு, கருப்பி. ஒன்றுக்கு ஒரு காது மட்டும் வெள்ளை, வெள்ளைக்காது. மூன்றாவது எதற்கெடுத்தாலும் பின்னால் ஒளியும், அதனால் பயந்தாங்கொள்ளி. பெயர் வைத்தவள் அவள்தான். அந்த ஒற்றை அறையிலேயே நாங்களும் குடிவந்தோம்.

மறுவாரம் கால்நடை டாக்டர் ஊசி போட வந்தார். சின்ன வயதுப் பெண், கண்டிப்பான முகம். என் மனைவி கிணற்றடியில் இருந்தாள். டாக்டர் ஊசியைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"ஐயா, தழை, புல்லு, காஞ்ச தீவனம், இதான் ஆட்டுச் சாப்பாடு. சோறு, கஞ்சி, மாவு இதெல்லாம் பாசமா அள்ளிப் போட்டுடாதீங்க. வயிறு புளிச்சு உப்பிடும். ஒரே நாள்ல ஆள் காலி."

"அது போதும்னா நிறுத்திடாதா?" என்றேன்.

"ஆட்டுக்குப் போதும்னு சொல்லத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

சொன்னதோடு விடாமல் ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அங்கே கருப்பி என் மனைவியின் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் கையில் காலையில் மிஞ்சிய சோறு ஒரு கிண்ணம். "இருடி, இருடி, பறக்காத" என்று ஒரு பிடி வைத்தாள். அது நக்கித் தின்றுவிட்டு மறுபடி கத்தியது. அவள் குனிந்து அதன் முகத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

நான் அப்படியே நின்றேன். எத்தனை நாள் ஆயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு! 'போதும், போடாதே' என்று அந்த நிமிடம் நான் சொல்ல வேண்டும். இந்த வாயால் அவளிடம் அந்த வார்த்தையைக் கடைசியாகச் சொன்னபோது என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். ஒரு பிடி சோறுதானே, ஒன்றும் ஆகாது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு திரும்பிவிட்டேன். சட்டை மாற்றும்போதெல்லாம் அந்தத் தாளை எடுத்து அடுத்த சட்டையின் பையில் வைத்துக்கொண்டேன். அதைக் கிழித்துப்போடவும் தைரியமில்லை, எடுத்துக்காட்டவும் தைரியமில்லை.

ஒரு பிடி இரண்டு பிடியானது. ஆடுகளுக்கென்று தனியாக ஒரு சின்னப் பானை வந்தது. ஒரு முழு ஆளுக்கு உண்டான சோறு மூன்றுக்கும் பிரியும். ஆடுகளும் பளபளவென்றுதான் இருந்தன. பக்கத்து நிலத்துக்காரனின் கிடா புண்ணியத்தில் கருப்பி சினையானது. டாக்டர் தொட்டுப் பார்த்து இரண்டு குட்டி இருக்கலாம் என்றார். அன்று அவள் தன் தட்டைச் சமையல் மூலைக்கு எடுத்துப் போகாமல் வாசலில் ஆடுகளைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டாள். நானும் என் தட்டோடு ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். பேச்சு ஒன்றும் இல்லை. இருந்தாலும் நிலம் லாபத்தில் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மகன் போய் மூன்று வருடம் நிறைந்த நாள் வந்தது.

இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் காலையிலேயே எழுந்து வேலிக்கம்பியை முறுக்குவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் வெளி அடுப்பில் பெரிய பாத்திரம் ஏறியிருந்தது. விடுதியிலிருந்து ஓய்வு பெறும்போது அவளுக்கென்று கொடுத்துவிட்ட பாத்திரம், முப்பது பேருக்குச் சமைக்கலாம். அரிசியை அளக்கவில்லை, சாக்கிலிருந்து சரித்தாள். முதுகு நிமிர்ந்து, முந்தானையை இடுப்பில் செருகி, பழைய தலைமைச் சமையல்காரியாக நின்று கிளறினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, கை நிற்கவில்லை.

ஆறவைத்து, தொட்டி நிறையக் கொட்டினாள். ஆடுகள் முகத்தைப் புதைத்துத் தின்றன. பயந்தாங்கொள்ளியைக் கருப்பி முட்டித் தள்ளிவிட்டு அதன் பங்கையும் தின்றது. தொட்டி காலியாகக் காலியாக அவள் போட்டுக்கொண்டே இருந்தாள். "தின்னு. வயிறாரத் தின்னுட்டுப் போ" என்றாள். ஆட்டிடம்தான் சொன்னாள்.

பையில் தாள் இருந்தது. நாலு அடி கிட்டே போனேன். அவள் கரண்டியோடு திரும்பி, "என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

மறுநாள் காலையில் எந்த ஆடும் கத்தவில்லை. அவள்தான் முதலில் போய்ப் பார்த்தாள். அவள் கூப்பிட்ட குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றும் படுத்திருந்தன. வெள்ளைக்காது தலையைத் தூக்கிப் பார்த்தது. கருப்பி பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, வயிறு ஒரு பக்கம் உப்பி, கண்ணைப் பாதி மூடிக் கிடந்தது. அடியில் தண்ணீராகப் போயிருந்தது, புளித்த வாடை. அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "ராத்திரி பனி ஒத்துக்கலையோ? ஏதாவது பூச்சி கடிச்சிருக்குமோ?" என்று என்னைக் கேட்டாள். நான் டாக்டருக்குப் போன் போட உள்ளே போய்விட்டேன்.

டாக்டர் வந்ததும் வராததுமாக வயிற்றைத் தட்டிப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். "வீட்ல சமையல் சோடா இருக்கா? சீக்கிரம், தண்ணில கலந்து கொண்டாங்க" என்றார். என் மனைவி ஓடினாள். பாட்டிலில் ஊற்றி ஊற்றிப் புகட்டினோம். வெள்ளைக்காதுக்கும் பயந்தாங்கொள்ளிக்கும் உள்ளே இறங்கியது. கருப்பிக்கு வாயோரம் வழிந்தது. ஊசி போட்டார், வயிற்றை நீவினார். வெயில் உச்சிக்கு வரும்போது அது காலை ஒரு தடவை உதறிவிட்டு அடங்கிவிட்டது. டாக்டர் அதன் அடிவயிற்றில் கொஞ்ச நேரம் கையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தார்.

கை கழுவும்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "ஐயா, நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. எழுதியே குடுத்தேனே! இவ்வளவு சோத்தைக் கொட்டியிருக்கீங்க?"

என் மனைவி கையிலிருந்த பாட்டிலோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மற்ற இரண்டுக்கும் இரண்டு நாளைக்குக் காய்ந்த புல்லும் சோடாத் தண்ணீரும் தவிர வேறு எதுவும் கூடாது, எவ்வளவு கத்தினாலும் கூடாது என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். கருப்பியை வேலியோரம் புதைத்தேன். மண்ணைத் தள்ளி முடித்ததும் அவள் கையை நீட்டினாள். பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். மடிப்பெல்லாம் கிழிந்து நாலு துண்டாக வந்தது. சேர்த்து வைத்து வாசித்தாள்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"வாங்குன மறுவாரத்துலேருந்து."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்லச் சொல்ற? இந்த வாய் ஒருதரம் போதும்னு சொல்லித்தான் அவன் போனான். மறுபடியும் உன் கைய நான் எப்படித் தடுப்பேன்?" மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மூன்று வருடத்தில் அவள் முன்னால் அழுதது அன்றுதான்.

அவள் மண்மேட்டைப் பார்த்தபடியே பேசினாள். "முப்பத்தோரு வருஷம் நீங்க கத்துனீங்க. என்னிக்காவது நான் கேட்டிருக்கேனா? வார்டன் சொல்லியே கேட்டதில்ல. போட்டுக்கிட்டேதான் இருந்தேன். அன்னிக்கு நீங்க போதும்னதும் கரண்டிய நான்தான் பாத்திரத்துல திருப்பி வச்சேன்."

"நான் சொன்னதால வச்ச."

"இல்ல." அவள் தலையை ஆட்டினாள். "எனக்கும் அவன்மேல கோவம். நீங்க சொன்னது சரிதான்னு அந்த ஒரு நிமிஷம் எனக்கும் பட்டுச்சு. நீட்டுன தட்டோட என் மூஞ்சியப் பாத்தான். எப்பவும் போல நீங்க என்ன சொன்னாலும் நான் போட்டுடுவேன்னு பாத்தான். நான் பாத்திரத்த மூடிட்டேன்."

இதைத்தான் மூன்று வருடமாக அவள் வைத்திருந்திருக்கிறாள். அதனால்தான் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைத் தண்டிக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்க அவளுக்கு வாயில்லை என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மறுநாள் மதியம் வெள்ளைக்காது எழுந்து நின்றது. தொட்டிக்கு வந்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கத்த ஆரம்பித்தது. பசிதான், வேறொன்றும் இல்லை. பின்னாலேயே பயந்தாங்கொள்ளியும் சேர்ந்துகொண்டது. நான் காய்ந்த புல்லைப் போட்டேன், இரண்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அறைக்குள்ளிருந்து என் மனைவி சின்னப் பானையோடு வந்தாள். சூடு ஆறாத சோறு. பழக்கதோஷத்தில் வடித்திருக்கிறாள். தொட்டியருகே வந்தபின்தான் அவளுக்கே தெரிந்தது போல நின்றுவிட்டாள்.

"ரொம்பக் கத்துதுங்க" என்றாள்.

நான் புல்லைக் காலால் தொட்டிப் பக்கம் தள்ளினேன்.

"சொல்லுங்க. போடவா, வேண்டாமா?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காது முன்னங்காலைத் தொட்டிமேல் வைத்துக் கத்தியது.

"வேண்டாம்" என்றேன். "போதும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பானையை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஆடுகள் கத்தின. இரண்டு பேரும் நகராமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். நெடுநேரம் கத்திவிட்டு வெள்ளைக்காது சலித்துப்போய்ப் புல்லில் வாய் வைத்தது. நாலு வாய் தின்றுவிட்டுப் படுத்து, மெதுவாக அசைபோட ஆரம்பித்தது.

"இதை என்ன பண்றது?" என்றாள் பானையைக் காட்டி.

"நாம சாப்பிடலாம்."

வாசலிலேயே எதிரெதிரே உட்கார்ந்தோம். எனக்குப் போட்டாள், தனக்கும் போட்டுக்கொண்டாள். தொட்டுக்கொள்ள உப்பைத் தவிர எதுவும் இல்லை. நான் சாப்பிட்டு முடித்தேன். அதிலேயே வயிறு நிறைந்துவிட்டது. அவள் கரண்டியைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "இன்னும் கொஞ்சம்?" என்றாள்.

நான் தட்டை நீட்டினேன்.